இன்னும் வரலக்கா

காலையில் வேலைக்கு வருகிறவளைப் பார்த்து "வந்துட்டியா கண்ணு?" என்று கேட்பது ஒரு பேச்சுக்குத்தான். யாரும் பதில் வேண்டிக் கேட்பதில்லை. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் மட்டும் நிற்பாள். கொஞ்சம் யோசிப்பாள். பிறகு உள்ளதைச் சொல்கிற மாதிரி சொல்வாள்.

"இன்னும் வரலக்கா."

சொல்லும்போது எனக்கு எதிரில்தான் நிற்பாள். கையில் தட்டு இருக்கும். நான் இட்லி வைப்பேன், வாங்கிக்கொள்வாள். முதல் நாள் சிரித்தேன். பத்தாவது நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கூப்பிடக் கூடாத இடத்தில் வைத்து அந்தப் பெயரை ஒருமுறை கூப்பிட்டவள் நான். அதற்கப்புறம் அது என் வாய்க்கு வந்ததில்லை, கைக்கும் வராது.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு போல்ட் செய்கிற கம்பெனி அது. அங்கே கேன்டீனில் பரிமாறுகிற வேலை எனக்கு. அந்தக் கம்பெனி நிற்கிற இடத்தில் முன்பு கேழ்வரகுக் கொல்லை இருந்தது. அதில் களை எடுத்தவள் நான். கொல்லைக்காரர் நிலத்தை விற்றுவிட்டு வேறு ஊர் போய்விட்டார். நான் அதே மண்ணின்மேல் கரண்டி பிடித்து நின்றேன். மூன்று ஷிப்டுக்கும் சோறு போட்டிருக்கிறேன். என் கையால் விழுந்த சோற்றைக் குறை சொன்ன ஆள் கிடையாது. எழுத்து பாதி வயதுக்கு மேல் கற்றுக்கொண்டது. மெதுவாகத்தான் வரும். ஆனால் பொய் வராது.

அவள் விருதுநகர் பக்கத்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள், நான் கேட்கவில்லை. அதனால்தான் பின்னால் என்னிடம் பேசினாள் போல. போல்ட்டை அளவு பார்த்து நல்லதை ஒரு பெட்டியிலும் கெட்டதைச் சிவப்புப் பெட்டியிலும் போடுகிற வேலை அவளுக்கு. ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் மற்றவர்கள் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். இவள் எழ மாட்டாள்.

"ஏம்மா, பஸ் போயிடும். எந்திரி" என்று சூபர்வைசர் கத்துவார்.

"இன்னும் இருபது பீஸ்தான் சார். முடிச்சுட்டு வாரேன்."

"நாளைக்குப் பாரு."

"நாளைக்கு இது மனசுல உக்காந்துக்கிட்டு என்னையத் தூங்க விடாது சார்."

எதிலும் அப்படித்தான். பஸ்காரன் நிறுத்தத்தைத் தாண்டி இறக்கிவிட்டால், திரும்ப நிறுத்தம் வரைக்கும் நடந்துபோய் அங்கே நின்றுவிட்டுத்தான் விடுதிக்குப் போவாள். விடுதி தாண்டிய பக்கம்தான் இருக்கும். இருந்தாலும் போவாள். பைத்தியம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பிடித்திருந்தது. எடுத்த பாத்தியை முடிக்காமல் நானும் வரப்பு ஏறியதில்லை.

அவள் ஓடுவாள். விடிந்தும் விடியாமலும் கெலமங்கலம் சாலையில், சுடிதார் மேலே துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவாள். அந்தக் காலத்தில் பொம்பளை ரோட்டில் ஓடினால் ஏதோ வீட்டில் ஆபத்து என்றுதான் அர்த்தம். லாரிக்காரர்கள் நிறுத்தி "இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா?" என்று கேட்டிருக்கிறார்கள். பனிக்காலத்தில் எங்கள் பக்கம் எதிரில் வருகிற மாடு தெரியாது. அந்தப் பனிக்குள் பத்து மைல் போய்விட்டு, நனைந்த கோழி மாதிரி ஷிப்டுக்கு வருவாள்.

எல்லையைத் தாண்டி கர்நாடகா பக்கம் ஒரு ஏரி. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஓட்டப் போட்டி நடக்கும். அதைச் சுற்றி மண்ணும் தாருமாகப் பத்து கிலோமீட்டர் பாதை. அதை எட்டுச் சுற்று சுற்றினால் எண்பது. காலை ஆறுக்கு ஆரம்பித்து மாலை ஆறுக்குள் முடிக்க வேண்டும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வண்டி வரும். கம்பெனி இஞ்சினியர் ஒருவர் சொல்லி, முதல் வருஷம் தனியாகப் போனாள். ஏழாவது சுற்றில் நின்றுவிட்டாள்.

அதுவரை அவள் எனக்கு வரிசையில் வருகிற ஒரு தட்டுதான். அவளுக்கு நான் ஒரு கரண்டி. அதற்கு அப்புறம்தான் பழக்கம்.

போய் வந்த வாரம் கடைசி ஆளாகச் சாப்பிட வந்தாள். மூலை மேசையில் உட்கார்ந்து தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். பக்கத்துக் காலி இடத்துக்கும் ஒன்று வைத்தாள். மறுநாளும் அப்படியே. எங்கள் மாஸ்டர் காவேரிப்பட்டினத்துக்காரர், வாய்த் துடுக்கு.

"ஏம்மா, அந்தப் பொண்ணு ரெண்டு ஆளா? ரெண்டுன்னா ரெண்டு டோக்கன் வாங்கச் சொல்லு."

"நீ உன் சாம்பாரைப் பாருயா. பருப்பு அடியில பிடிக்குது."

சொல்லிவிட்டு, என் சாப்பாட்டுப் போசியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். களியும் கீரையும் வைத்திருந்தேன். உருண்டையைப் பிட்டு அவள் தட்டில் வைத்தேன். அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"ஏரி ரோட்டுல ஒரு சின்னப் பாலம் இருக்குக்கா. அங்கன காலு மரத்துப்போச்சு. கட்டையில உக்காந்தேன். வண்டி வந்துச்சு. யாரும் என்னையத் தூக்கி ஏத்தலக்கா. நானா ஏறுனேன்."

"ஏறினா இன்னா கண்ணு? முடியலன்னா ஏறித்தானே ஆகணும்."

"வண்டி நகர்ந்தப்ப கண்ணாடி வழியாத் திரும்பிப் பாத்தேன். நான் அங்கனதான் உக்காந்திருந்தேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"சட்டையில நம்பரு, முழங்கால்ல ரத்தம், எல்லாம் அப்படியே. வண்டி போறதைப் பாத்துக்கிட்டே இருந்தா. கூப்பிடவும் இல்ல, அழவும் இல்ல. அவ எந்திரிச்சு வர்ற வரைக்கும் நான் வந்ததா எப்படிக்கா சொல்ல முடியும்?"

களைப்பில் கண் பொய் சொல்லும் என்றேன். வெயிலில் களை எடுக்கும்போது நானும் என்னென்னவோ பார்த்திருக்கிறேன். அவள் தண்ணீரைக் குடித்தாள். பக்கத்து டம்ளரை எடுத்துப்போய் வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

அந்த வருஷம் முழுக்க என் போசியில் பாதி அவளுக்குத்தான். என்னை அக்கா என்று கூப்பிட்டவள் கம்பெனியில் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு நான் கேன்டீன் அம்மா. எனக்கு வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம். பிள்ளைகள் அவரவர் பாட்டில் இருந்தார்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்போது ஒரு முகத்தைத் தேடுகிற பழக்கம் எனக்கு அந்த வயதில் வந்தது. சொல்லிக்கொள்ள வெட்கம், ஆனாலும் வந்தது.

அவளைப் பற்றிப் பலரும் பலதும் சொன்னார்கள். நடந்தால் தரையில் தடம் விழவில்லை என்று விடுதிப் பெண்கள் கிளப்பிவிட்டார்கள். கேன்டீன் தரையைத் துடைக்கிறவளும் நான்தான். ஈரத்தரையில் அவள் தடம் விழுந்தது. கதவைப் பார்த்து வெளியே போன தடம் நன்றாகவே இருந்தது. உள்ளே வந்த தடத்தைத்தான் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பலபேர் மிதித்து அழிந்திருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நாய் விஷயத்துக்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. கெலமங்கலம் சாலையில் ஒரு கோழிக்கடை உண்டு. அங்கே ஆறேழு நாய்கள். ஓடுகிறவள் என்ன, சைக்கிளில் போகிறவனையும் விடாது. முன்பெல்லாம் அவள் கையில் குச்சி இல்லாமல் அந்த இடத்தைத் தாண்ட மாட்டாள். அந்த வருஷம் ஒருநாள் முதல் பஸ்ஸுக்காக நான் கோழிக்கடை எதிரில் நின்றிருந்தேன். பனிக்குள்ளிருந்து அவள் ஓடி வந்தாள். நாய்கள் ரோட்டின் நடுவில் படுத்திருந்தன. இரண்டு நாய்களுக்கு நடுவில் கால் வைத்துத் தாண்டிப் போனாள். ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. ஒரு காது அசையவில்லை. அவள் போன கொஞ்ச நேரத்தில் பால்காரன் வந்தான். அத்தனையும் எழுந்து அவனைக் கடிக்கப் போயின.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் சொன்னேன்.

எங்கள் சாதிசனத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றில் விழுந்து பிழைத்தவர்கள், மாடு முட்டிப் பயந்தவர்கள், இப்படி யாராவது அரை ஆளாகத் திரிந்தால், பயந்த இடத்துக்கு ஒரு பொம்பளை தனியாகப் போவாள். அங்கே நின்று பெயரை மூன்று தரம் சொல்லி "எந்திரி, வீட்டுக்கு வா" என்று கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பயந்த ஆள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். என் அம்மா இதில் பேர் போனவள். அவளுக்குப் பின் எங்கள் தெருவுக்கு நான்தான்.

"ஒரு ஞாயித்துக்கெழமை போயிட்டு வந்துடறேன் கண்ணு. நீ விடுதியிலயே இரு. ரெண்டு பஸ்ஸுதானே."

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "வேணாங்கா. நீங்க கூப்பிட்டு அவ வந்துட்டா, மிச்ச தூரத்த யாரு ஓடுறது? அங்கனயே இருக்கட்டும். நானே ஓடிப்போய், எழுப்பிக் கூட்டிட்டு வாரேன்."

"அப்பவும் முடியலன்னா?"

அவள் என் கையை விட்டாள். "இந்தத் தடவையும் வண்டியில ஏறிட்டேன்னா, அங்கன ரெண்டு பேரு உக்காந்திருப்போம்க்கா. வீட்டுக்கு வர ஆளு மிஞ்சாது."

நான் போசியை மூடிவைத்தேன். அடுத்த தடவை நானும் வருவேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

அந்த வருஷம் அவள் ஓடின ஓட்டத்தை நான் பார்த்தேன். காலுக்குப் புதுசாக நீலக்கோடு போட்ட ஷூ வாங்கினாள். ஞாயிறுகளில் சூளகிரி வரைக்கும் போய்த் திரும்புவாள். நகம் இரண்டு கழன்றது. விளக்கெண்ணெய் போட்டுக் கட்டினது நான். "யாருடி உன்னைத் துரத்துறாங்க?" என்று விடுதிப் பெண்கள் கிண்டல் செய்தால், "யாரும் துரத்தல. ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா" என்பாள். அதற்கப்புறம் அவர்கள் கிண்டல் செய்யவில்லை. அறையில் கூடப் படுத்தவள் வேறு அறைக்கு மாறிக்கொண்டாள்.

அடுத்த போட்டிக்கு முந்தின நாளே போய் ஏரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். ஓட்டம் தொடங்கியதும் நான் அந்தப் பாலத்துக்கு நடந்து போனேன். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்ன பாலம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கட்டை. அவள் உட்கார்ந்தது ஏரிப் பக்கத்துக் கட்டை. நான் எதிர்க்கட்டையில் உட்கார்ந்தேன். சட்டியில் கூழும், கூடவே உப்பும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தேன். நல்ல வெயில். ஏரிப் பக்கத்துக் கட்டையில் ஓணான் ஏறும், நடுவரைக்கும் வரும், வந்த வழியே திரும்பிவிடும். அந்த இடத்தைத் தாண்டிப் போகவே இல்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் என்னிடம் நின்று கூழைக் குடிப்பாள். ஏரிப் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டாள்.

"இருக்காளாக்கா?"

"இருக்கா. நீ போ."

எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆறு சுற்றும் அப்படியே போனது.

ஏழாவது சுற்றில் நேரமாகியும் வரவில்லை. மூன்றரை மணிக்கு மேல் திருப்பத்தில் தெரிந்தாள். ஓடவில்லை, காலை இழுத்துக்கொண்டு வந்தாள். உதட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கூழை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் ஏரிப் பக்கத்துக் கட்டையில், அதே இடத்தில், உட்கார்ந்தாள்.

"கண்ணு, அங்க உக்காராத. எந்திரி."

"காலு இல்லக்கா. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

அப்போது வண்டி வந்தது. பின்னால் கதவு திறந்தது. ஓட்டி வந்த பையன் நல்லவன்தான். "சாக்கு அம்மா, பன்னி, காடி ஹத்தி" என்று கன்னடத்தில் கூப்பிட்டான். போதும்மா, வாங்க, வண்டியில் ஏறுங்க என்று. அவள் திறந்த கதவையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். கதவுக் கம்பியில் விரல் பட்டுவிட்டது.

வீட்டுக்கு ஆளு மிஞ்சாது என்று அவள் சொன்னதுதான் என் காதில் இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. ரோட்டின் நடுவில் நின்று அவள் பெயரைச் சொல்லி, "எந்திரி, வீட்டுக்கு வா" என்று மூன்று தரம் கூப்பிட்டேன்.

மூன்றாவது தரம் எழுந்தாள். கைத்தாங்கல் இல்லாமல், தூங்கி எழுந்த மாதிரி எழுந்தாள். கம்பியிலிருந்து விரலை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஓட ஆரம்பித்தாள். ஒரு வருஷம் ஓய்வெடுத்த கால் எப்படி ஓடுமோ அப்படி ஓடினாள். வண்டிக்காரப் பையன் வாயைப் பிளந்து பார்த்தான்.

அப்புறம்தான் என் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஆளையும் எடத்தையும் ஒண்ணா வெச்சிக்கினு கூப்புடாதடி. எது எந்திரிக்கும்னு சொல்ல முடியாது."

கூழ்ச் சட்டியை எடுக்கக் குனிந்தேன். பின்னால் "அக்கா" என்று கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது. ஏரிக்காற்றாக இருக்கும். கூப்பிட்டவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். நான் திரும்பவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு நேராக நடந்து போய்விட்டேன்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடித்தாள். கடைசிச் சுற்றை முதல் சுற்றைவிட வேகமாக ஓடினாள் என்று சுற்றுக் கணக்கு எழுதுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் முகத்தை முந்தானையால் துடைத்தேன். அவள் கூச்சப்பட்டு ஒதுங்கினாள்.

"நீங்க நம்ம கேன்டீன் அம்மாதான? இங்கிட்டு எப்படி வந்தீங்க?"

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அவள் குனிந்து காலைப் பார்த்தாள். நீலக்கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது யாரு ஷூவும்மா? காலையில நான் பழச போட்டுல்ல வந்தேன். பாலத்துல கொஞ்ச நேரம் உக்காந்தேன், வண்டி வந்துச்சு, நான் ஏறல. அம்புட்டுதான். அதுக்குள்ள யாரு மாத்துனா?"

அங்கிருந்த டாக்டர் பார்த்தார். வெயிலும் உப்புக் குறைவும் இப்படிச் செய்யும், இரண்டு நாளில் எல்லாம் நினைவுக்கு வரும் என்றார். படித்தவர் சொன்னது. சரி என்றேன். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். எதையெல்லாமோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்த ஒரு வருஷம் முழுக்க அவளுக்கு இல்லை. மழைக்கு விழுந்த கம்பெனிச் சுவர் தெரியவில்லை. கூடப் படுத்தவள் அறை மாறினது தெரியவில்லை. கோழிக்கடை வந்தபோது நாய்கள் பஸ்ஸைத் துரத்தின. "அய்யோ, இதுகளுக்குப் பயந்துதான் குச்சியோட ஓடுறேன்" என்று சிரித்தாள். முழு ஆளின் சிரிப்பு. கணீரென்று இருந்தது.

அவள் ஓடி முடித்தாள். வந்து சேர்ந்துவிட்டாள். நான் கேட்டது அதுதான், கிடைத்தது. குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை.

போசியில் பாதி எடுத்துவைக்கிற பழக்கம் மட்டும் கொஞ்ச நாள் போகவில்லை. மாஸ்டர் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தப் பொண்ணுகிட்ட நீயே எல்லாத்தையும் எடுத்துச் சொல்லேன்" என்றார். எதைச் சொல்வது? என் கையால் களி தின்றாய், அக்கா என்றாய், காலுக்கு எண்ணெய் போட்டேன் என்று அடுத்தவள் முன்னால் நின்று கணக்குச் சொல்லுகிற பிறப்பு இல்லை நான். அதுவும் இல்லாமல், அதையெல்லாம் தின்றவளும் சொன்னவளும் இவள் இல்லையே. அவளை நான் பாலத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். இவளிடம் சொல்லி என்ன.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தட்டோடு வந்தவள் நகரவில்லை. ரசம் ஊற்றினேன், அப்புறமும் நின்றாள்.

"உங்ககிட்ட என்னமோ பேசணும்னு தோணிக்கிட்டே இருக்கும்மா. என்னன்னுதான் தெரியல."

கரண்டியை ரசத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். எடுத்து அண்டாவின் விளிம்பில் தட்டினேன்.

"பின்னாடி ஆளு நிக்குது கண்ணு" என்றேன். "நகரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வரிசையில் அவள்தான் கடைசி.